பேரன் காலை நீவ வேண்டாம், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நிலக்கோட்டைப் பக்கம் என்பதற்கு மேல் உங்கள் ஊரையோ பெயரையோ இங்கே சொல்லப் போவதில்லை. ஆனாலும் பதிலை உங்களுக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். ஆயிரம் பிள்ளை பிறந்தால் அதில் ஏறக்குறைய ஒன்று உங்கள் பேரனைப் போலக் கோணிய பாதத்தோடு, அதாவது கோணக்காலோடு, பிறக்கிறது. வத்தலக்குண்டு, நத்தம், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் என்று நம் மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும், இதே கேள்வியை மனசுக்குள் வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிற வீடுகள் இருக்கின்றன. நீங்கள் கேட்டுவிட்டீர்கள். அதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

உங்கள் மகளுக்குத் தலைப்பிரசவம். ஆண் பிள்ளை, நல்ல எடை, நன்றாகப் பால் குடிக்கிறான். ஆனால் இரண்டு பாதமும் உள்பக்கமாகத் திரும்பி, உள்ளங்கால்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன. பிள்ளையைப் பார்க்க வந்த சம்பந்தி வீட்டார், கிரகணத்தன்று வெளியே போயிருப்பாள் என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு கேள்வி: தினமும் குளிப்பாட்டும்போது விளக்கெண்ணெய் போட்டு நீவி நீவி நேராக்கிவிடலாமா, இல்லை ஆபரேஷன்தான் வழியா?

இரண்டும் இல்லை, அக்கா. நீவவும் வேண்டாம், நீங்கள் பயப்படுகிற பெரிய ஆபரேஷனும் அநேகமாகத் தேவைப்படாது. வாரத்துக்கு ஒரு மாவுக்கட்டு என்று ஐந்து ஆறு வாரம் போடுவார்கள். அதன் பிறகு குதிகால் நரம்பில் (தசைநாணில்) ஒரு சின்னக் கீறல், மூன்று வாரத்துக்கு இன்னொரு மாவுக்கட்டு. பிறகு நடுவில் கம்பி வைத்த ஒரு ஜோடி ஷூ, நாலு வயது வரை. இதை ஒழுங்காக முடித்தால் உங்கள் பேரன் மற்றப் பிள்ளைகளைப் போல நடப்பான், ஓடுவான், வரப்பில் தாவுவான். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இந்த முறையில் வைத்தியம் செய்த பிள்ளைகளை முப்பது வருஷம் கழித்துப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மகளைப் பற்றி. கிரகணத்துக்கும் இந்தக் காலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கர்ப்பிணியை வீட்டுக்குள் உட்கார வைக்கும் வழக்கமே இல்லாத நாடுகளிலும் பிள்ளைகள் இதே போலப் பிறக்கின்றன. கைவேலை செய்ததாலோ, ஒருக்களித்துப் படுத்ததாலோ, பப்பாளி தின்றதாலோ வருவதும் இல்லை. சில குடும்பங்களில் பரம்பரையாக வருகிறது. கர்ப்ப காலத்தில் புகை பிடிக்கும் பெண்களின் பிள்ளைகளிடம் கொஞ்சம் கூடுதலாகக் காணப்படுகிறது. பெண் பிள்ளைகளை விட ஆண் பிள்ளைகளுக்கு இரண்டு மடங்கு அதிகம். பாதிப் பேருக்கு உங்கள் பேரனைப் போல இரண்டு காலிலும் இருக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காரணம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. ஐந்தாம் மாத ஸ்கேனில் சில சமயம் தெரியும். அப்போதே தெரிந்திருந்தாலும் பிறந்த பிறகு செய்கிற வைத்தியம்தான், வயிற்றுக்குள் வைத்துச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இதையெல்லாம் சம்பந்தியம்மாவிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். பச்சை உடம்புக்காரி தன் மாமியாரிடம் வாதாட முடியாது. அந்தப் பேச்சை உங்கள் தலையில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த வீட்டு ரத்தம், எந்த வீட்டுப் பாவம் என்று பேச்சு போனால் அங்கேயே நிறுத்துங்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டியவள் வயிறு காயக் கூடாது.

இப்போது நீவுவது பற்றி. உங்கள் தெருவில் ஒருத்தி, "எம் பேரனுக்கும் இப்படித்தான் இருந்துச்சு, நீவி நீவியே நேராயிருச்சு" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. பாதம் உள்பக்கம் திரும்பியிருப்பதில் இரண்டு வகை உண்டு. கர்ப்பப்பைக்குள் இடம் போதாமல் மடங்கியே இருந்ததால் அப்படியே படிந்துபோன பாதம் ஒன்று. விரலால் மெல்லத் தள்ளினாலே முழுசாக நேருக்கு வந்துவிடும். அது தானாகவே சரியாகும், நீவினாலும் சரியாகும், நீவாவிட்டாலும் சரியாகும். உங்கள் பேரனுக்கு அப்படி இல்லை. அழுத்தினால் ஒரு அளவுக்கு மேல் வராமல் விறைத்து நிற்கிறது, குதிகால் சின்னதாக மேலே ஏறி நிற்கிறது, உள்ளங்காலின் நடுவில் ஆழமாக ஒரு மடிப்பு விழுந்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இது எலும்புகளே இடம் மாறி நிற்கிற பாதம். இருந்தாலும் என் கடிதத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். குழந்தை எலும்பு வைத்தியம் தெரிந்த ஒரு டாக்டர் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும். அப்படிப் பார்க்கும்போது முதுகையும் இடுப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதுகுத்தண்டிலோ இடுப்பு மூட்டிலோ வேறு கோளாறு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். பெரும்பாலும் இருக்காது.

அந்தப் பிஞ்சுப் பாதத்துக்குள் என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்தால் ஏன் நீவ வேண்டாம் என்கிறேன் என்பது புரியும். கணுக்காலுக்குள் ஒரு எலும்பு இருக்கிறது. பாதத்தின் மற்ற எலும்புகள் எல்லாம் அதைச் சுற்றி உள்பக்கமாகத் திரும்பிப் போயிருக்கின்றன. உள்பக்கத்துத் தசைநார்கள் தடித்துக் குட்டையாக இருக்கின்றன. பின்னால் குதிகால் நரம்பு இழுத்துப் பிடித்திருக்கிறது. ஆக, கோணல் ஒன்று இல்லை, நாலு. நடுப்பாதம் குழிந்திருக்கிறது, முன்பாதம் உள்ளே திரும்பியிருக்கிறது, குதிகால் உள்ளே சாய்ந்திருக்கிறது, குதிகால் மேலே தூக்கியிருக்கிறது. இவற்றை வரிசை மாற்றாமல் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் எடுக்க வேண்டும். மேலே ஏறிய குதிகாலைக் கடைசியில்தான் தொட வேண்டும். வீட்டில் நாம் என்ன செய்வோம்? பாதம் கீழே தொங்குகிறதே என்று உள்ளங்காலில் கை வைத்து மேலே தள்ளுவோம். குதிகால் நரம்பு விட்டுக்கொடுக்காது, அழுத்தம் தாங்காமல் பாதம் நடுவில் வளையும். வெளியிலிருந்து பார்க்க நேரானது போல இருக்கும், உள்ளே உள்ளங்கால் நடுவில் புடைத்துக்கொள்ளும். அதைச் சரி பண்ணுவது முதல் கோணலைச் சரி பண்ணுவதை விடக் கஷ்டம். பிறந்த பிள்ளையின் பாத எலும்புகள் இன்னும் முழு எலும்பாகவில்லை, இளநீர் வழுக்கை மாதிரி குருத்தாக இருக்கின்றன. பக்குவமான கை பட்டால் ஐந்தாறு வாரத்தில் இடத்துக்கு வருவதும் அதனால்தான், பலவந்தப்படுத்தினால் நசுங்கிப்போவதும் அதனால்தான். குளிப்பாட்டும்போது தொடையை, முதுகை, கையை எல்லாம் தாராளமாக நீவுங்கள். கணுக்காலுக்குக் கீழே மட்டும் கையை எடுத்துவிடுங்கள்.

மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுகிறவரிடம் கூட்டிப் போகலாமா என்று உங்கள் மச்சினர் கேட்டதற்கும் இதுதான் பதில். பிறந்து பன்னிரண்டு நாளான பிள்ளையின் காலில் இறுக்கமான கட்டுப் போட்டால் ரத்த ஓட்டம் நின்று விரல் கறுத்துப்போகக்கூடும். வேண்டவே வேண்டாம்.

பலவந்தம் கூடாது என்பதை டாக்டர்களே தாமதமாகத்தான் கற்றார்கள். அதைக் கற்றுக்கொண்ட இரண்டு பேரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இருவரும் 1914-ல் பிறந்தவர்கள், அதுவும் இரண்டு மாதத்துக்குள்.

ஒருவர் நம் கொல்லிமலையில் பிறந்தார். பால் பிராண்ட். அங்கே ஊழியம் செய்த வெள்ளைக்காரத் தம்பதியின் மகன். லண்டனில் மருத்துவம் படித்து, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எலும்பு டாக்டராக வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தியவர் என்றுதான் அவரை உலகத்துக்குத் தெரியும். ஆனால் வேலூரில் அவர் கோணிய பாதத்தோடு வந்த பிள்ளைகளையும் பார்த்தார். லண்டனில் அவர் கற்றது டெனிஸ் பிரவுன் என்ற பெரிய டாக்டரின் வழி. பாதத்தை வலுவாகத் திருப்பி நேருக்குக் கொண்டுவந்து கட்டிவிடுவது. வேலூருக்கு வந்தபோது, வைத்தியமே பார்க்காமல் வளர்ந்துவிட்ட கால்களைத் தொட்டுப் பார்த்தார். கோணலாகத்தான் இருந்தன, ஆனால் சதை இளக்கமாக இருந்தது. இங்கிலாந்தில் வைத்தியம் பார்த்த பாதங்களோ உள்ளே தழும்பு கட்டி விறைத்துப் போயிருந்தன. நேராக்குகிறேன் என்று காட்டிய பலமே பாதத்தைக் கெடுத்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்ததை, வலியைப் பற்றி எழுதிய தன் நூலில் சொல்லியிருக்கிறார். தாய்மார்களைப் பிள்ளைக்குப் பால் கொடுக்காமல் பசியோடு கொண்டுவரச் சொல்வார். மாவுக்கட்டுப் போடும் நேரத்தில் தாய் பிள்ளையை மாரில் போட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளை பால் குடிக்கும், அவர் பாதத்தை மெல்லத் திருப்புவார். பிள்ளை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தால், அதற்கு மேல் ஒரு இம்மியும் தள்ளக் கூடாது. அந்த இடத்தில் கட்டுப் போட்டுவிடுவார். எவ்வளவு திருப்பலாம் என்பதைப் பச்சைப்பிள்ளையே தீர்மானித்தது. எவ்வளவு பெரிய படிப்பு படித்தவர், பால்குடி மறக்காத ஒரு பிள்ளையின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றிருக்கிறார் பாருங்கள். அதனால்தான் அவரைப் பற்றி இவ்வளவு எழுதினேன்.

இன்னொருவர் இக்னாசியோ பொன்செட்டி. ஸ்பெயின் நாட்டின் மெனோர்கா தீவில், கடிகாரம் பழுது பார்க்கிறவருக்கு மகனாகப் பிறந்தார். உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். தோற்ற பக்கத்தில் இருந்ததால் பிரான்சுக்குத் தப்பி, மெக்சிகோ போய், 1941-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே சின்ன வயதில் பாதத்தை அறுத்து ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் பெரியவர்களாகி வந்தபோது பார்த்தார். பாதம் நேராகத்தான் இருந்தது, ஆனால் மடங்கவில்லை, வலித்தது. அறுக்காமல் செய்ய வழி உண்டா என்று பச்சைக்குழந்தைகளின் பாதத்தில் எந்த எலும்பு எதைச் சுற்றி எப்படித் திரும்புகிறது என்று உட்கார்ந்து படித்தார். அதிலிருந்து வந்ததுதான் இன்றைய மாவுக்கட்டு முறை. 1963-ல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். யாரும் கேட்கவில்லை. உலகம் முழுக்க அறுத்துக்கொண்டேதான் இருந்தார்கள். அவர் சிகிச்சை கொடுத்த பிள்ளைகளை முப்பது வருஷத்துக்குப் பிறகு தேடிப்பிடித்துப் பரிசோதித்த முடிவு 1995-ல் வந்தது. நூற்றுக்கு 78 பேருக்குப் பாதம் நன்றாக அல்லது மிக நன்றாக இருந்தது. பிறவியில் எந்தக் கோளாறும் இல்லாதவர்களை அதே அளவுகோலில் பார்த்தபோதே 85 பேர்தான் தேறினார்கள். நம் பேரனுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான், அக்கா. அதற்குப் பிறகும் இந்த முறையை ஊர் ஊராகப் பரப்பியதில் டாக்டர்களை விடப் பெற்றோர்களுக்கே பங்கு அதிகம். பொன்செட்டி 2009-ல் இறந்தார். அவர் பிறந்த ஜூன் 3-ஆம் தேதியைத்தான் இப்போது உலகக் கோணக்கால் தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

இனி மாவுக்கட்டு. நீங்கள் கூடப் போகப் போவதால் அங்கே என்ன நடக்கும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் சேர்ந்து போடுவார்கள். டாக்டர் ஒரு கையின் கட்டைவிரலைக் கணுக்காலின் வெளிப்பக்கத்தில், முன்னால் புடைத்திருக்கிற ஒரு சின்ன எலும்பின் மேல் வைப்பார். மற்றக் கை முன்பாதத்தைப் பிடித்து மெதுவாக வெளிப்பக்கம் கொண்டுபோகும். குதிகாலை அவர் பிடிக்கவே மாட்டார், அது தானாகத் திரும்பி வரட்டும் என்று விட்டுவிடுவார். இன்னொருவர் மெல்லிசாகப் பஞ்சு சுற்றி, அதன் மேல் நனைத்த மாவுத்துணியைச் சுற்றுவார். முழங்காலுக்குக் கீழே முதலில் இறுகியதும், முழங்காலை மடக்கி வைத்துத் தொடை வரைக்கும் சுற்றுவார்கள். பாதத்துக்கு எதற்குத் தொடை வரை கட்டு என்று கேட்டுவிடாதீர்கள். முழங்காலுக்குக் கீழே மட்டும் போட்டால் பிள்ளை உதைத்து உதைத்துக் கழற்றிவிடும், பாதமும் வெளிப்பக்கம் திரும்பி நிற்காது. மாவு இறுகும்போது இளஞ்சூடாக இருக்கும், பயப்பட வேண்டாம்.

முதல் கட்டைப் பிரித்ததும் பாதம் முன்னை விடக் கோணலாக இருப்பது போலத் தெரியலாம். முன்பாதத்தை உயர்த்தி நடுக்குழியை நிரப்புவதுதான் முதல் வாரத்து வேலை என்பதால் அப்படித் தெரியும். இதைப் பார்த்துப் பயந்து இரண்டாம் வாரம் வராமல் நின்றுவிடுகிறவர்கள் உண்டு. மூன்றாவது, நாலாவது கட்டுக்குப் பிறகு பாருங்கள். உள்ளங்கால் மடிப்பு விரிந்து, பாதம் வெளியே பார்க்க ஆரம்பிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் விரல்களைப் பாருங்கள். கட்டுக்கு வெளியே அஞ்சு விரலும் தெரிய வேண்டும், இளஞ்சிவப்பாக, சூடாக இருக்க வேண்டும். விரலை ஒரு தடவை அழுத்தி விட்டால் வெளுத்து உடனே சிவக்க வேண்டும். முதல் நாள் மணிக்கு ஒரு தடவை, பிறகு ஒவ்வொரு துணி மாற்றும்போதும் பாருங்கள். விரல் நீலம் பாரித்தாலோ, வீங்கினாலோ, கட்டுக்குள் விரல் நழுவி மறைந்தாலோ, பிள்ளை நிறுத்தாமல் அழுதாலோ ராத்திரி என்று பார்க்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கட்டு நனையக் கூடாது. அதனால் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது இந்த வாரங்களில் கிடையாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். நம் ஊர் வெயிலுக்கு வியர்க்கும், விசிறி விடுங்கள். கட்டுக்குள் எண்ணெயோ பவுடரோ ஊற்றாதீர்கள், குச்சி விட்டுச் சொறியாதீர்கள். அடுத்த வாரம் போகும்போது வேலை மிச்சம் என்று முந்தின ராத்திரியே வீட்டில் ஊறவைத்துப் பிரித்துவிடாதீர்கள். ஒரு ராத்திரியில் பாதம் பழைய பக்கத்துக்குக் கொஞ்சம் திரும்பிவிடும். ஆறாம் வாரத் தடுப்பூசியைத் தொடையில்தான் போடுவார்கள், தொடையோ கட்டுக்குள் இருக்கும். ஆகவே கட்டு மாற்றும் நாளிலேயே ஊசி போட முடியுமா என்று முன்கூட்டி நர்ஸம்மாவிடம் கேட்டு வையுங்கள்.

கடைசிக் கட்டுக்கு முன்னால் குதிகால் நரம்பில் கீறல். இந்தப் பிள்ளைகளில் பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு அது தேவைப்படும். அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்து, மெல்லிய கத்தி முனையால் தோலுக்கு அடியில் நரம்பை அறுத்துத் தளர்த்துவார்கள். பெரும்பாலும் தையல்கூட வேண்டியிருக்காது. நரம்பை அறுத்துவிட்டால் பிள்ளை எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தோன்றும். மூன்று வாரம் மாவுக்கட்டுக்குள் இருக்கும்போதே அந்த நரம்பு கூடுதல் நீளத்தோடு மறுபடி வளர்ந்து சேர்ந்துவிடும். பச்சை உடம்பின் வரம் அது.

மேலே சொன்னதெல்லாம் இரண்டரை மாதத்தில் முடிந்துவிடும். அதற்கு டாக்டர் பொறுப்பு. அதற்குப் பிறகு வருகிற நாலு வருஷம்தான் உண்மையான வைத்தியம். அதற்கு வீடுதான் பொறுப்பு. இந்தக் கடிதத்தை மகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதே அதற்காகத்தான்.

ஷூவைச் சொல்கிறேன். ஒரு கம்பியின் இரண்டு முனையிலும் இரண்டு குட்டி ஷூக்கள், முனை வெளிப்பக்கம் பார்த்தபடி பொருத்தியிருக்கும். கம்பியின் நீளம் பிள்ளையின் தோள் அகலம். பாதத்தை முரட்டுத்தனமாகத் திருப்புகிற வழக்கம் போய்விட்டது, ஆனால் அந்த டெனிஸ் பிரவுன் கண்டுபிடித்த கம்பி மட்டும் நின்றுவிட்டது. நம் ஆஸ்பத்திரிகளில் அவர் பெயரைச் சொல்லியே அதைக் கேட்பதை நீங்கள் கேட்கலாம். முதல் மூன்று மாதம் ஒரு நாளைக்கு 23 மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும். குளிக்க ஒரு மணி நேரம்தான் விடுமுறை. அதன் பிறகு ராத்திரித் தூக்கத்துக்கும் பகல் தூக்கத்துக்கும் மட்டும், நாலு வயது முடியும் வரை.

முதல் இரண்டு மூன்று ராத்திரி அழுவான். வலியால் இல்லை. ஒரு காலை மட்டும் தனியாக உதைக்க முடியவில்லையே என்ற ஆத்திரம். கம்பியைப் பிடித்து இரண்டு முழங்காலையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டுங்கள். இரண்டு காலையும் சேர்த்து உதைக்கக் கற்றுக்கொண்டதும் அழுகை நின்றுவிடும். பருத்தி சாக்ஸ் போட்டு, குதிகால் ஷூவின் அடியில் நன்றாகப் பதிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாரை இறுக்குங்கள். குதிகால் மேலே தூக்கியிருந்தால் தோல் உரியும், தோல் உரிந்தால் அழுவான், அழுதால் கழற்றுவீர்கள். அங்கேதான் எல்லாம் கெட ஆரம்பிக்கும். கம்பியில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி வைத்தால் தொட்டில் சேலை கிழியாது, உங்கள் மேலும் குத்தாது.

கட்டுப் பிரித்த அன்று பாதம் அவ்வளவு அழகாக இருக்கும். பார்க்கிறவர்கள் எல்லாம் "நேராயிருச்சே, இனி எதுக்கு இந்தக் கம்பி?" என்பார்கள். இந்த ஒரு கேள்விக்கு மயங்கினவர்களின் பிள்ளைகள்தான் திரும்பவும் கோணிய காலோடு ஆஸ்பத்திரி வாசலுக்கு வருகிறார்கள். பாதத்தைத் திருப்பி வைத்த அந்த இயல்பு பிள்ளை வேகமாக வளர்கிற நாலைந்து வருஷமும் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். ஷூவை விட்டால் பெரும்பாலான பாதங்கள் பழைய இடத்துக்கே போய்விடும்.

நம் வீடுகளில் ஷூ எப்போது நிற்கிறது என்று நான் பார்த்திருக்கிறேன். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பெண்ணையும் பிள்ளையையும் மாமியார் வீட்டுக்கு அனுப்புகிற அன்று நிற்கும். "பச்சப்புள்ள கால்ல இரும்ப மாட்டி வச்சிருக்கீங்களே" என்று அங்கே ஒரு பெரியவர் சொல்வார், மருமகள் எதிர்த்துப் பேச மாட்டாள். காதுகுத்துக்குத் தாய்மாமன் மடியில் உட்கார வைக்கும்போது சொந்தபந்தம் பார்க்குமே என்று கழற்றுவார்கள், விருந்து முடிந்து வீடு திரும்பிய பிறகும் மாட்ட மாட்டார்கள். பழனியில் மொட்டை போடப் போனால் ஷூ வீட்டிலேயே தங்கிவிடும். பகலில் கழற்றுவதில் தப்பில்லை, அக்கா. ராத்திரி படுக்கும்போது அது காலில் இருந்தாக வேண்டும், பழனியில் தங்கினாலும் இருந்தாக வேண்டும். ஆகவே ஷூ கொடுக்கும் நாளில் சம்பந்தியம்மாவையும் மருமகனையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். டாக்டர் வாயால் அவர்கள் கேட்கட்டும். மாட்டுவதையும் கழற்றுவதையும் மருமகன் கையால் ஒரு தடவை செய்து பார்க்கட்டும். மில்லில் ராத்திரி ஷிப்ட் போகிறவர் என்றால், அன்று மாட்டி விடுவது யார் என்று வீட்டில் முன்பே பேசி வையுங்கள். மகளை நீங்கள் அனுப்பி வைக்கிற அன்று, பாலாடையையும் வசம்பையும் எடுத்து வைப்பதற்கு முன்னால் ஷூவை எடுத்து வையுங்கள். பாதம் வளர்ந்து விரல் ஷூ முனையைத் தாண்டினால் பெரிய ஷூ வாங்க வேண்டும். அதற்காகவே குறித்த நாளில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டும்.

இவ்வளவு செய்தும் சில பிள்ளைகளுக்குக் கோணல் கொஞ்சம் திரும்பும். அதற்காக யாரையும் திட்டிக்கொள்ள வேண்டாம். மறுபடி இரண்டு மூன்று மாவுக்கட்டுப் போடுவார்கள். சிலருக்கு மூன்று வயதுக்கு மேல் ஒரு தசைநாணை இடம் மாற்றி வைக்கிற ஆபரேஷன் தேவைப்படலாம். கெண்டைக்கால் சதை மற்றப் பிள்ளைகளை விடக் கொஞ்சம் மெலிந்தே இருக்கும், செருப்பு அளவும் சற்றுச் சின்னதாக இருக்கும். அது கடைசி வரை இருக்கும். ஓடுவதற்கு அது தடை இல்லை. இரண்டு பாதமும் கோணிப் பிறந்து, மாவுக்கட்டுப் போட்டு வளர்ந்த கிறிஸ்டி யமகுச்சி என்ற பெண் 1992 குளிர்கால ஒலிம்பிக்கில் பனித்தரையில் சறுக்கி ஆடும் போட்டியில் (ஃபிகர் ஸ்கேட்டிங்) தங்கம் வாங்கினார்.

வைத்தியமே பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறையில் ஒரு பெரியவரைப் பல வருஷமாகப் பார்த்திருக்கிறேன். காலையிலிருந்து சாயந்தரம் வரை உட்கார்ந்த இடத்திலேயே சாவிக்கு அரம் போடுவார். எழுந்து நடந்தால் வலது பாதத்தின் வெளி ஓரம்தான் தரையில் படும், உள்ளங்கால் வானத்தைப் பார்க்கும். அந்த ஓரத்தில் தோல் கன்றிக் கன்றிக் கல்லாகியிருந்தது. எந்தச் செருப்பும் அவருக்கு நிற்காது, பழைய டயரை வெட்டி அவரே ஒன்று தைத்துக்கொண்டார். கைத்திறமை அவ்வளவு இருந்தது. ஆனால் உட்கார்ந்து செய்கிற வேலை என்று ஐந்து வயதிலேயே வீட்டார் அவருக்குத் தீர்மானித்துவிட்டார்கள். அவர் பிறந்த காலத்தில் இங்கே அவருடைய தாய்க்குச் சொல்ல ஆள் இல்லை. இன்று இருக்கிறார்கள், வைத்தியத்துக்குச் செலவும் இல்லை. அப்படியிருக்க, நம் ஊரில் இன்னொரு பிள்ளை அந்த மாதிரி நடந்து வளர்ந்தால் எனக்கு மனசு ஆறாது.

எங்கே போவது? பிறந்ததிலிருந்து 18 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பரிசோதித்து இலவசமாக வைத்தியம் கொடுக்கிற மத்திய அரசுத் திட்டம் 2013 முதல் இருக்கிறது. அதில் பார்க்க வேண்டிய பிறவிக் குறைகளின் பட்டியலிலேயே கோணக்கால் உண்டு. அதற்காக மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளில் ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். திண்டுக்கல் தலைமை ஆஸ்பத்திரி 2022 முதல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியாகிவிட்டது. அங்கே போய் எலும்புப் பிரிவைக் கேளுங்கள். மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியும் உங்களுக்குத் தூரம் இல்லை. உங்கள் ஊர்க் கிராம செவிலியரிடம் இன்றே சொல்லிவிடுங்கள், எந்தக் கிழமை போக வேண்டும் என்று அவர் விசாரித்துச் சொல்வார். 104-க்குப் போன் போட்டும் கேட்கலாம். போகிற இடத்தில் ஒன்றை மட்டும் தெளிவாகக் கேளுங்கள்: "பொன்செட்டி முறையில வாரா வாரம் மாவுக்கட்டுப் போடுவீங்களா?" ஒரு வயது ஆகட்டும், பிறகு பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் வேறு இடத்துக்குப் போங்கள். பிறந்த முதல் இரண்டு மூன்று வாரத்தில் ஆரம்பிப்பதுதான் நல்லது. இதைப் படிக்கிற வேறு யாராவது, எங்கள் பிள்ளைக்கு இரண்டு வயதாகிவிட்டதே என்று கலங்க வேண்டாம். நடக்க ஆரம்பித்த பிள்ளைக்கும் இதே கட்டு பலன் தரும், வாரம் சில கூடும். நீங்களும் கூட்டிப் போங்கள்.

வாரா வாரம் போவதென்றால் பூப்பறிக்கிற கூலி ஒரு நாள் போகும், பஸ் செலவு இருக்கும், மல்லிகைச் சீசனில் அது சின்ன விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும். முடிந்தால் மகளோடு நீங்களும் மச்சினரும் மாறி மாறிப் போங்கள். ஆனால் ஒரு வாரம்கூட விட்டுவிடாதீர்கள்.

கடிதத்தின் ஓரத்தில், மகளுக்குத் தெரியாமல் எழுதியது போல, இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள்: அடுத்த பிள்ளைக்கும் இப்படி வருமா? பெற்றோர் இருவருக்கும் இந்தக் குறை இல்லாமல் ஒரு பிள்ளைக்கு வந்திருந்தால், அடுத்ததுக்கு வரும் வாய்ப்பு நூற்றில் மூன்று நாலுதான். மற்றத் தொண்ணூற்றாறு தொண்ணூற்றேழு பிள்ளைகளுக்கும் வராது. வந்தாலும் இதே வைத்தியம்தான். மகளிடம் இதை மறைக்க வேண்டாம். அவளும் இந்தக் கேள்வியை உங்களிடம் கேட்க முடியாமல்தான் இருப்பாள்.

நாளைக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் அட்டை, தடுப்பூசி அட்டை இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டுப் போட்டதும் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை,
திண்டுக்கல்